நாகோயாவில் மதியத்துக்கு என்ன சாப்பிடலாம்? – வாசகர் கேள்வி பதில்

ஜப்பானுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இங்கே திருகோணமலையில் யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோரும், போவதற்கு ஆயத்தமாகும் பிள்ளைகளும், அங்கேயே இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த மாதம் குவிந்துவிட்டன. விசா, சம்பளம் பற்றியவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இந்தமுறை சாப்பாட்டையும் இனிப்பையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் இருந்தது ஐச்சி மாநிலத்து நாகோயாவில் என்பதால் பதில்களிலும் அந்த ஊர்தான் கூட வரும்.

கேள்வி: மகன் நாகோயாவில் மொழி படிக்கிறான். அறையில் சோறும் பருப்பும்தான் தினமும். வெளியே சாப்பிட்டால் காசு பறந்துவிடும் என்கிறான், கடைக்குள் போகவும் கூச்சப்படுகிறான். என்ன சொல்வது?
– ஒரு தாய், உவர்மலை

அக்கா, சோறும் பருப்பும் நல்ல சாப்பாடுதான். ஆனால் அறைக்குள்ளேயே சமைத்து அறைக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மொழியும் வராது, ஊரும் பிடிபடாது. வாரத்தில் இரண்டு மதியமாவது வெளியே சாப்பிடச் சொல்லுங்கள். அதற்காக ரயில் ஏறி நகரத்துக்குப் போகத் தேவையில்லை, இணையத்தில் நட்சத்திரம் எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை. அவன் இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஸ்டேஷன் பக்கமோ பழைய கடைத்தெருவிலோ, ஒரு தெய்ஷோகு கடை இருக்கும். தெய்ஷோகு என்றால் ஒரு தட்டத்தில் வரும் முழுச் சாப்பாடு: சோறு, மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த சூப், பொரித்த அல்லது சுட்ட ஏதாவது ஒன்று, ஒரு துளி ஊறுகாய், சின்னக் கிண்ணத்தில் கீரையோ தோஃபுவோ. மதியத்தில் ஏறக்குறைய 800 முதல் 1200 யென் வரும். இங்கிருந்து ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் அங்கே பகுதிநேர வேலைக்கு ஒரு மணித்தியாலச் சம்பளமே இப்போது 1000 யென்னுக்கு மேல். பல கடைகளில் சோறு இன்னொரு கிண்ணம் கேட்டால் காசும் இல்லை.

கூச்சம் போக, உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும். வாசலில் நோரென் என்ற குட்டைத் திரைச்சீலை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்து வைத்திருந்தால் மூடிவிட்டார்கள். மதியச் சாப்பாடு அநேகமாக 11.30 முதல் 2 மணி வரைதான், அதன்பின் மாலை 5 மணி வரை பல கடைகள் பூட்டு. மூடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கடைசி ஓர்டரை எடுத்துவிடுவார்கள், நம் ஊர்போல நாலு மணிக்குப் போய் "சோறு இருக்கா?" என்று கேட்க முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் சாப்பாட்டுப் பொம்மைகள் அடுக்கியிருந்தால் இன்னும் சுகம், விரலால் காட்டினாலே வேலை முடிந்தது. (அந்தப் பொம்மைகளில் பெரும்பங்கு நாகோயாவுக்கு வடக்கே கிஃபு மாநிலத்தில் குஜோ ஹாச்சிமான் என்ற சின்ன ஊரில் செய்யப்படுபவை. நேரம் கிடைத்தால் போய்ப் பார்க்கலாம்.) சில கடைகளில் வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் நிற்கும்: முதலில் காசு, பிறகு பொத்தான், வரும் துண்டை உள்ளே கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். குடிக்கத் தண்ணீர் சும்மா வரும். கைச்செலவுக்குக் காசு வைத்திருக்கச் சொல்லுங்கள், வயதானவர்கள் நடத்தும் கடைகளில் கார்ட் எடுக்காதவை இன்னும் உண்டு.

முதல் தடவைக்கு நான் சொல்வது சபா என்ற கானாங்கெளுத்தி மீன் சுட்ட தெய்ஷோகு. என் அறைக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி நடத்திய கடையில் அதைச் சுடுவதை கவுண்டரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பாதியாகப் பிளந்த மீன், தோல் பக்கம் கத்தியால் குறுக்கே இரண்டு கீறல், உப்பு மட்டும். மசாலாவும் இல்லை, புளியும் இல்லை. நெருப்பில் தோல் குமிழ் குமிழாக எழும்பி, கொழுப்பு சொட்டி, ஓரம் கருகும் நேரம் பார்த்து அந்த அம்மா தட்டில் வைத்து, பக்கத்தில் துருவிய முள்ளங்கியைச் சின்னக் குன்றாகப் பிடித்து வைப்பார். அதில் சோயா சோஸ் இரண்டு சொட்டு விட்டு மீனோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். மீன் தின்று வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைக்கு இது பிடிக்காமல் போகாது. உறைப்பு இல்லாமல் நாக்கு தவித்தால் மேசையில் ஷிச்சிமி என்ற மிளகாய்த்தூள் கலவை சின்ன டப்பாவில் இருக்கும், தாராளமாகத் தூவலாம். நாகோயாவின் மிசோ மட்டும் கறுத்துச் சிவந்து கொஞ்சம் துவர்க்கும். பக்கத்து ஊரான ஒகசாகியில் செய்யும் ஹாச்சோ மிசோவை மரப் பீப்பாயில் மேலே கல் அடுக்கி இரண்டு வருடத்துக்கும் கூட ஊறவைப்பதால் வரும் குணம் அது. இரண்டாம் மூன்றாம் தரத்தில் பிடித்துவிடும்.

முக்கியமானது, ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் புதுக்கடை தேடினால் அவன் என்றைக்கும் வாடிக்கையாளன்தான். ஒரே கடைக்குப் போனால் சில வாரத்தில் முகம் தெரிந்து, "எந்த நாடு?" என்று கேட்பார்கள், பிறகு "இன்றைக்கு மீன் நல்லது" என்பார்கள். வகுப்பில் வராத ஜப்பானிய மொழி அங்கே வரும். இன்னொன்று, மாணவர் விசாவில் அனுமதி எடுத்தால் வாரத்துக்கு 28 மணித்தியாலம் வேலை செய்யலாம். அந்த வேலை சாப்பாட்டுக்கடைக் குசினியில் கிடைத்தால் மகானாய் என்று வேலைக்காரருக்கு ஆக்கும் சாப்பாடும் பெரும்பாலும் கிடைக்கும். செலவும் குறையும், சமைக்கவும் பழகுவான்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைக்கவேண்டும்? குச்சியால் சாப்பிடத் தெரியாவிட்டால் சிரிப்பார்களா?
– ஒரு வாசகர், பாலையூற்று

டிப்ஸ் வேண்டாம். வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். கரண்டி கேட்கலாம், யாரும் சிரிப்பதில்லை. சோற்றில் குச்சியை நிமிர்த்திக் குத்தி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள், அது செத்தவீட்டுச் சோற்றுக்குரியது. எழும்பி வரும்போது "கொச்சிசோசமா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். உள்ளே சமைத்தவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கேள்வி: நான் சுத்த சைவம். மகள் ஒசாகாவுக்குக் கூப்பிடுகிறாள், மூன்று மாதம் நிற்க வேண்டிவரும். அங்கே மரக்கறிச் சாப்பாடு என்று கேட்டால் கிடைக்குமா?
– ஒரு வாசகி, தம்பலகாமம்

கிடைக்கும் அம்மா, ஆனால் கண்ணால் பார்த்து நம்ப முடியாது. மரக்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் மீன் இருக்கும். தஷி என்ற ரசம்தான் அங்கே பாதிச் சமையலுக்கு அடிப்படை, அதைக் காய்ச்சுவது கட்சுஓபுஷியில். அது சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லுப்போல் காயவைத்துச் சீவிய சருகு. நம் மாசிக் கருவாடும் அதே சூரையில் செய்வதுதான், சம்பலில் மாசி போட்டால் நீங்கள் தொடமாட்டீர்கள் அல்லவா, அதே கணக்கு. மிசோ சூப், நூடில்ஸ் ரசம், தெம்புரா தொட்டுக்கொள்ளும் சோஸ், கீரைப் பிரட்டல், தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, இனாரி சூஷியில் சோற்றைப் பொதியும் இனிப்புத் தோஃபுத் தோல் எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் கணக்கில் மீன் ரசம் இறைச்சியில் சேராது. அதனால் "தஷியும் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பயமில்லாமல் சாப்பிட விகாரைச் சமையல் இருக்கிறது. ஷோஜின் ரியோரி என்று பெயர், கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் ரசம் எடுப்பார்கள். கியோட்டோவில் நிறையக் கிடைக்கும், ஒசாகாவிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்தான். விலை கொஞ்சம் கூடத்தான், ஒருமுறையாவது போங்கள். மற்ற நாட்களில் வெள்ளரிக்காய் சுருட்டிய சூஷி, இந்தியக் கடைகளின் பருப்பு, மகளின் கைச்சமையல். இனிப்பு விஷயத்தில் உங்களுக்கு அங்கே ராசி. பழைய முறை இனிப்புகளில் பெரும்பாலானவை பயறு, அரிசி, சீனி மட்டும்தான்.

கேள்வி: எல்லா இனிப்புக்குள்ளும் பயறுதான் இருக்கிறது என்கிறார்களே, பயறில் இனிப்பா? சொக்லட் மாதிரி ஏதும் இல்லையா? போய் இறங்கியதும் முதலில் எதைச் சாப்பிடலாம்?
– ஒரு மாணவர், உப்புவெளி

தம்பி, கொழுக்கட்டைக்குள் அம்மா என்ன வைக்கிறார்? பயறும் சர்க்கரையும்தானே. ஜப்பானியர் அசுகி என்ற சிவப்புப் பயறை அவித்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திரும்ப மெத்தென்று அவித்துச் சீனி சேர்த்துக் கிளறுகிறார்கள். அதுதான் அன்கோ. பயறு முழுசாக இருப்பது ஒரு வகை, தோல் நீக்கி வடித்து வழுவழுப்பாக்கியது இன்னொரு வகை. தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் இல்லாதது முதலில் குறையாகத் தெரியும். பால் விடாத பச்சைத் தேயிலையோடு சாப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கசப்புக்கு இது சரியாக வந்து உட்காரும்.

முதலில் சாப்பிட தைய்யாகி. மீன் வடிவ இரும்பு அச்சில் மா ஊற்றி, நடுவில் அன்கோ வைத்து, மேலே இன்னும் மா ஊற்றிப் பூட்டிச் சுடுவது. நீள்பிடி போட்ட ஒற்றை அச்சில் ஒன்றொன்றாகச் சுடும் கடையும் உண்டு, பெரிய தகட்டில் ஒரே தரத்தில் பல மீன் சுடும் கடையும் உண்டு. முதலாவதை ரசிகர்கள் கடலில் பிடித்த மீன் என்பார்கள், இரண்டாவதைப் பண்ணை மீன். ஒற்றை அச்சு மீனுக்குத் தோல் மெல்லிசாக மொறுமொறுவென்று இருக்கும், வால் நுனிவரை பயறு நிறைந்திருக்கும். கையில் சுடச்சுட வாங்கிக் கடைவாசலில் நின்றே சாப்பிட வேண்டும், பையில் போட்டால் பத்து நிமிஷத்தில் தொய்ந்துவிடும். டோக்கியோ போனால் அசபு ஜூபானில் நானிவாயா என்ற கடை 1909 இலிருந்து இதைச் சுடுகிறது. நாகோயாவில் என்றால் ஓசு கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், சோயா சோஸும் சீனியும் பூசிய மிதராஷி தாங்கோ என்ற அரிசிமா உருண்டைகளும் குச்சியில் கிடைக்கும்.

சொக்லட்டும் கிறீமும் அங்கே தாராளம், கொம்பினி என்ற 24 மணித்தியாலக் கடைகளின் குளிர்ப்பெட்டியில் 200, 300 யென்னுக்கு வரும் கேக்கும் கிறீம் பணிஸும் நல்ல தரம். ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். தெருமுனை இனிப்புக்கடையில் மாதத்துக்கு மாதம் தட்டு மாறும். வசந்தத்தில் உப்பிட்ட செர்ரி இலை சுற்றிய சகுரா மொச்சி (மொச்சி என்றால் பிசுபிசுப்பான அரிசிப் பண்டம்), இலையோடு சாப்பிடுவது. மே 5 சிறுவர் தினத்துக்குக் காஷிவா மொச்சி, அதன் இலையைச் சாப்பிடுவதில்லை. வெயிலுக்குக் குளிர்ந்த மிசு யோகான் என்ற பயறு ஜெலி, சீவிய ஐஸ். செப்டெம்பர் வந்தால் நாகோயாவுக்குக் கிழக்கே நகாட்சுகவாவில் செய்யும் செஸ்நட் குரி கிந்தோன், அதை விட்டுவிடாதீர்கள், செஸ்நட்டும் சீனியும் மட்டும் சேர்ந்தது, வாயில் மாவாகக் கரையும். பிந்திப் போனால் அடுத்த வருடம்தான்.

கேள்வி: ஐச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டில் ஹலால் பார்ப்பது தெரியும். இனிப்பிலும் பார்க்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கிண்ணியா

கட்டாயம் பார்க்க வேண்டும், இறைச்சியைவிட இனிப்பில்தான் தவறவிடுவார்கள். கொம்பினி புடிங், மூஸ், மார்ஷ்மலோ, சில தயிர் வகைகள், இவற்றிலெல்லாம் ஜெலட்டின் இருக்கக்கூடும், அது பன்றியிலிருந்தும் வரும் மாட்டிலிருந்தும் வரும். பாண், பிஸ்கட்டில் பன்றிக்கொழுப்பும் எதில் எடுத்தது என்று எழுதாத ஷோர்ட்னிங் என்ற பேக்கரிக் கொழுப்பும் இருக்கலாம். மேல்நாட்டு முறைக் கேக்குகளில் ரம் போன்ற மதுவும் சேர்ப்பார்கள்.

பொதியின் பின்புறம் படிக்கப் பழகுங்கள். ஒவ்வாமை அறிவிப்பில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு, சோபா என்ற பக்வீட் தானியம் எல்லாம் கட்டாயமாக எழுத வேண்டியவை, 2023 இல் வால்நட்டும் சேர்ந்தது. பன்றி, மாடு, ஜெலட்டின் மூன்றும் எழுதும்படி பரிந்துரைத்தவை மட்டுமே. ஆகவே அந்தப் பகுதியில் பன்றி இல்லை என்பதை வைத்து முடிவெடுக்காமல், மேலேயுள்ள சேர்பொருள் பட்டியலையும் பாருங்கள். பன்றி, மாடு, மது, ஜெலட்டின் என்ற நான்குக்குமான ஜப்பானிய எழுத்துகளைப் போனில் படமாக வைத்திருந்தால் ஒரு வாரத்தில் கண் தானாகப் பிடிக்கும்.

பழைய இனிப்புக்கடையில் வேலை இலகு. யோகான், அன்மிட்சு போன்றவற்றைக் கட்டியாக்குவது கந்தென், அது கடற்பாசி. அரிசிமா, பயறு, சீனியில் பிரச்சினை இல்லை. நாகோயாவின் உய்ரோ அரிசிமாவும் சீனியும் கலந்து ஆவியில் அவிப்பது, பரிசாக வாங்கிவரவும் நல்லது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பொதி செய்த மொச்சிகளில் பழுதாகாமலிருக்க அற்ககோல் சேர்ப்பதுண்டு, சோயா சோஸ் தடவும் தாங்கோவின் சாற்றில் மிரின் என்ற இனிப்பு அரிசி மது இருக்கலாம். இதில் எது ஆகும் எது ஆகாது என்று நான் சொல்வது முறையில்லை, மௌலவியிடம் கேளுங்கள். நாகோயாவில் ஹொன்ஜின் பக்கம் பள்ளிவாசல் இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போனால் பல நாட்டுச் சகோதரர்களைச் சந்திப்பீர்கள், எந்தக் கடை நல்லது என்ற தகவல் அவர்களிடம்தான் சரியாகக் கிடைக்கும்.

கேள்வி: ஜப்பானிலும் கறிச்சோறு பிரபலமாமே? இந்தியர் கொண்டுபோனதா?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், திருகோணமலை நகரம்

ஐயா, முதலில் கொண்டுபோனது ஆங்கிலேயர். கோதுமை மா போட்டுத் தடிப்பாக்கிய ஆங்கிலேயக் கறி, மெய்ஜி காலத்தில் (1868–1912) அங்கே போனது. ஜப்பானியக் கடற்படை பிரித்தானியக் கடற்படையைப் பார்த்துக் கட்டியது, சமையலும் கூடவே போயிற்று. 1908 இல் மாய்சுரு என்ற கடற்படைத் துறைமுகத்தில் வெளியான கடற்படைச் சமையல் புத்தகத்தில் கறிச்சோறு செய்யும் முறை இருக்கிறது. இன்றைக்கும் அவர்களின் கப்பல்களில் வெள்ளிக்கிழமை மதியம் கறிச்சோறுதான். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த நம் ஊருக்கும், 1942 ஏப்ரல் 9 அன்று இங்கே குண்டு போட்டுவிட்டுப் போன கடற்படைக்கும் இப்படி ஒரு சாப்பாட்டுத் தொடர்பு இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும்.

நம் மணம் தேடினால் அது வேறு வரலாறு. டோக்கியோ ஷின்ஜுகுவில் நகாமுராயா கடை 1927 இல், அங்கே தஞ்சமடைந்திருந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறியை விற்கத் தொடங்கியது. கின்சாவில் கேரளத்து நாயர் ஒருவர் 1949 இல் தொடங்கிய கடை இப்போதும் நடக்கிறது. ஜப்பானியக் கறி இனிப்புச் சேர்ந்த குழம்பு, தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வேறு ஒரு சாப்பாடாக நினைத்துச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: நான் ஐச்சியில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். இரவு வேலை முடிந்து காலையில் தனியே வருவேன். கடைகளில் எல்லாரும் யாரோடாவது இருப்பதுபோல் தெரியும், உள்ளே போகக் கால் வராது. கொம்பினி சான்ட்விச் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன். ஊர் நினைவு அதிகம்.
– ஒரு வாசகி, சொந்த ஊர் சல்லி

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீ இருக்கும் மாநிலத்தில்தான் ஜப்பானிலேயே சிறந்த காலைச் சாப்பாடு இருக்கிறது, உன் வேலை முடியும் நேரமும் அதற்குச் சரியாக இருக்கிறது. கிஸ்ஸாதென் என்ற பழைய கோப்பிக்கடைகளில் 11 மணிக்கு முன் ஒரு கோப்பி கேட்டால் தடித்த டோஸ்ட்டும் அவித்த முட்டையும் கூடவே வரும், கோப்பிக்கு மட்டும்தான் காசு, ஏறக்குறைய 500 யென்னில் முடிந்துவிடும். இச்சினோமியாவில் நெசவாலைகள் ஓங்கியிருந்த நாளில், தறிச் சத்தத்தில் பேச முடியாமல் முதலாளிமார் கோப்பிக்கடைக்கு வந்து பேசியதில் தொடங்கியது என்பார்கள். 1968 இல் நாகோயாவில் ஆரம்பித்த கொமேதா கடைகள் இப்போது நாடு முழுக்க இருக்கின்றன, அங்கும் இதே முறைதான். ஆனால் உன் தெருவிலேயே ஒரு அம்மா தனியாக நடத்தும் கடை இருந்தால் அங்கே போ.

தனியாகப் போவது அங்கே விசித்திரமே இல்லை. கவுண்டர் ஆசனங்கள் தனியாக வருபவர்களுக்காகவே போட்டவை. காலை எட்டு மணிக்குப் போய்ப் பார், பேப்பரை விரித்துக்கொண்டு தனியே இருக்கும் பெரியவர்கள், உன்னைப் போலவே இரவு வேலை முடித்த தாதிமார், டிரைவர்மார். ஒற்றை விரலைக் காட்டினால் உட்கார இடம் காட்டுவார்கள். டோஸ்ட்டை ஒகுரா டோஸ்ட்டாகக் கேள், கொஞ்சம் காசு கூடும். இரண்டு விரல் தடிப்புப் பாண், ஓரம் பொரிந்து நடு மெத்தென்று, மேலே பட்டர் உருகி ஊறிக்கொண்டிருக்கும்போதே அன்கோவைக் கரண்டி கரண்டியாகத் தடவிச் சாப்பிடுவது. பட்டர் உப்பும் பயறு இனிப்பும் சேரும் அந்த முதல் கடிக்கு, பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால்வலி கொஞ்சம் இறங்கும். அவசரப்பட்டு எழும்பாதே, ஒரு கோப்பியோடு ஒரு மணித்தியாலம் இருந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்று. உன் இல்லத்தில் இருக்கும் பாட்டிமாரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேள். "சின்ன வயதில் இந்த மாதத்தில் என்ன இனிப்புச் சாப்பிட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஒஹிகான் என்ற முன்னோர் நினைவு நாட்களில் வீட்டில் அன்கோ பூசிய சோற்று உருண்டையான ஒஹாகி பிடித்ததையும், முன்னோருக்குப் படைத்ததையும் சொல்வார்கள். நீ ஆடி அமாவாசைக்குப் படைப்பதை அவர்களுக்குச் சொல். அவர்கள் சொல்லும் கடை இன்னும் இருந்தால் விடுமுறை நாளில் போய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து ருசியைச் சொல், அவர்கள் முகத்தைப் பார். மொச்சியை மட்டும் அவர்களுக்கென்று வாங்கிப் போகாதே, தொண்டையில் சிக்குவதால் ஒவ்வொரு புதுவருடத்திலும் முதியவர்கள் இறக்கிறார்கள், உனக்கு இது பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

மாலையில் தோழிகளோடு இசகாயா என்ற குடிக்கவும் சாப்பிடவும் போகும் கடைக்குப் போனால், கேட்காத ஒரு சின்னத் தட்டு முதலில் வரும், பில்லில் ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை சேரும். அது அங்கே வழமை, ஏமாற்று என்று மனம் நோகாதே. அடுத்த மாதமும் எழுது, எந்தக் கடைக்குப் போனாய் என்று சொல்.

கேள்வி: நாங்கள் சின்ன விடுதி நடத்துகிறோம். ஜப்பானிய விருந்தினர் வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு வைத்துவிடுகிறார்கள். வேறு என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகர், நிலாவெளி

இனிப்புக் கூடிப்போகிறது, அளவும் கூடிப்போகிறது. "அதிகம் இனிக்கவில்லை" என்பதுதான் அவர்கள் ஒரு இனிப்புக்குக் கொடுக்கும் பெரிய பாராட்டு. எருமைத் தயிரைச் சின்னச் சட்டியில் வைத்து, கித்துள் பாணியைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்துப் பாருங்கள், வேண்டிய அளவு அவர்களே ஊற்றட்டும். கறுப்புச் சீனிப் பாகு ஊற்றிச் சாப்பிடும் வராபி மொச்சி அவர்கள் ஊரில் உண்டு, பாணியின் மணம் புதிதாகத் தெரியாது. பயத்தம் பணியாரமும் ஒன்றிரண்டு வைக்கலாம். தேநீரில் பாலும் சீனியும் போடாமல் கொண்டு போங்கள், கேட்டால் கொடுங்கள். வட்டிலப்பத்தை நிறுத்தவே வேண்டாம், தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு வைத்தால் சாப்பிட்டு முடிப்பார்கள்.

கேள்வி: அடுப்பு மட்டும் இருக்கும் எங்கள் வீட்டில், இங்கே கிடைக்கும் சாமானில் செய்யக்கூடிய ஜப்பானிய இனிப்பு ஒன்று சொல்லுங்கள். முட்டை வேண்டாம்.
– ஒரு வாசகி, மூதூர்

நாகோயாப் பக்கத்து ஒனி மன்ஜூ. வற்றாளங்கிழங்கில் செய்வது, முட்டையும் இல்லை பாலும் இல்லை. அரிசி தட்டுப்பாடான போர்க்காலத்தில் வீட்டுக்கு வீடு அவித்தது என்பார்கள், இன்றைக்கும் ஐச்சியில் தெருமுனைக் கடைகளில் மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும்.

கிழங்கு 300 கிராம், தோலோடு ஒரு சென்ரிமீற்றர் கட்டைகளாக வெட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள். 75 கிராம் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் தூவிப் பிரட்டி அரை மணித்தியாலம் மூடி வைத்தால் கிழங்கே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், மா குழைவது அதில்தான். 100 கிராம் கோதுமை மாவை அரித்துப் போட்டுக் கரண்டியால் பிரட்டுங்கள், காய்ந்திருந்தால் ஒரு கரண்டித் தண்ணீர். கிழங்கு முன்னுக்கு நிற்க வேண்டும், மா ஒட்டுவதற்கு மட்டும். அதனால் கூடக் கொட்டிவிடாதீர்கள். சின்னக் குவியல்களாக வாழையிலைத் துண்டுகளில் வைத்து, தண்ணீர் நன்றாகக் கொதித்தபிறகு இடியப்பம் அவிக்கும் தட்டில் ஏற்றி, மூடியில் துணி கட்டி, பெரிய நெருப்பில் 15 நிமிஷம். துணி கட்டாவிட்டால் மூடியில் சேரும் தண்ணீர் சொட்டி மேற்பகுதி பிசுபிசுத்துப்போகும். ஈர்க்கு குத்தினால் கிழங்குக்குள் தடையில்லாமல் இறங்க வேண்டும். வெந்த சூட்டில் மா கையில் ஒட்டும், கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். அடுத்த நாளைக்கு வைத்தால் இறுகிவிடும், திரும்ப ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்தால் சரியாகிவிடும்.